ஆமைக் காடியும் அப்பாவின் சாவியும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, ஈப்போவிலிருந்து தங்கை அழைத்தாள்.

"அண்ணே, இந்த வாரம் நீங்க வந்தே ஆகணும். அப்பாகிட்ட இருந்து காடி சாவிய வாங்கணும்."

புந்தோங் சந்தைக்குப் போகும் சாலையில் அப்பாவின் கார் இடமும் வலமுமாக அலைந்து ஓடியதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். அதற்கு முந்தைய வாரம் கல்லுமலை கோயிலிலிருந்து திரும்பும்போது ஒரு மோட்டார் சைக்கிளை உரசப் போய்த் தப்பித்திருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை. தங்கை கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தார். அப்பாவுக்கு வயது 79. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்று இரவே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அதை நிறைவேற்றும் பொறுப்பு மூத்தவனான என் தலையில் விழுந்தது.

இந்தப் பத்தியில் வழக்கமாக வீட்டில் பழுதாகும் பொருள்களைப் பற்றி எழுதுகிறேன். ஒழுகும் குழாய், சத்தம் போடும் மின்விசிறி, மழைக்கு இடம் கொடுக்கும் கூரை என்று போகும். இந்த வாரமும் ஒரு பழுதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அந்தப் பழுது எங்கே இருக்கிறது என்று முதலில் நாங்கள் நினைத்த இடம் தவறு.

அப்பாவின் கார் 1969ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் பீட்டல். மலாய்க்காரர்கள் 'கூரா-கூரா' என்பார்கள். எங்கள் தெருவில் அது ஆமைக் காடி. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்த அப்பா, 1981இல் அதை இரண்டாம் கையாக வாங்கினார். 1985இல் புரோட்டோன் சாகா வந்தபோது அவருடன் வேலை செய்த ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். அப்பா மாறவில்லை. நானும் தங்கையும் அந்தக் காரின் பின் இருக்கையில்தான் வளர்ந்தோம். அந்த இருக்கைக்கு அடியில்தான் பேட்டரி இருக்கும். அதன் மேல் குதிக்கக் கூடாது என்று வாங்கிய திட்டுகளுக்குக் கணக்கே இல்லை.

சனிக்கிழமை காலை கிள்ளானிலிருந்து கிளம்பி, பத்து மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தேன். சாவியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. 'சந்தைக்குப் போகலாம்ப்பா, நானும் வர்றேன்' என்றேன். முதலில் என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எண்ணம்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. அப்பா ஸ்டீரிங்கை ஓயாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தார். நேரான சாலையில்கூட அவர் கை சும்மா இருக்கவில்லை. கார் மெல்ல இடது பக்கம் சாயும். அப்பா வலது பக்கம் திருப்புவார். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு கார் சட்டென்று வலது பக்கம் வரும். மறுபடி இடது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. தங்கை சொன்னது சரிதான், இன்றே சாவியை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

"திரும்பும்போது நான் ஓட்டறேன்ப்பா. ரொம்ப நாளாச்சு இத ஓட்டி."

அப்பா மறுக்காமல் சாவியைக் கொடுத்தார். நான் வண்டியை எடுத்தேன். சந்தையிலிருந்து வெளியே வந்து முதல் வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்பினேன். கார் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அப்போதும் சும்மா இருந்தது. அதற்குப் பிறகு, தூக்கத்திலிருந்து விழித்ததுபோல, ஒரேயடியாகத் திரும்பியது. எதிரே வந்த லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்தார். எனக்கு வியர்த்துவிட்டது.

"கொஞ்சம் முன்னாடியே திருப்பணும்ப்பா. அது அப்படித்தான்" என்றார் அப்பா, சாதாரணமாக.

அடுத்த ஒரு கிலோமீட்டரில் நானும் அப்பாவைப் போலவே ஓட்டிக்கொண்டிருந்தேன். இடது, வலது, இடது, வலது. என் வயது 50. கண்ணாடி போடவில்லை. கை நடுங்குவதில்லை. அப்படியிருந்தும் கார் அலைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அப்போது பார்த்திருந்தால் என் சாவியையும் பிடுங்கச் சொல்லியிருப்பார்.

வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீரிங்கை ஒற்றை விரலால் மெல்ல ஆட்டிப் பார்த்தேன். முன் சக்கரங்கள் அசையாமலே ஸ்டீரிங் மூன்று விரல் அகலத்துக்கு இப்படியும் அப்படியும் போய் வந்தது. பழைய கார்களில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. இந்த அளவு இயல்பல்ல.

"எத்தன நாளாப்பா இப்படி இருக்கு?"

அப்பா யோசித்தார். "எப்பவும் இப்படித்தானே இருக்கு?"

இந்த மாதிரிப் பழுதின் ஆபத்து அந்தப் பதிலில்தான் இருக்கிறது. டயர் வெடித்தால் உடனே தெரியும். பிரேக் பிடிக்காவிட்டால் உடனே தெரியும். இது அப்படியில்லை. ஒரு மாதத்துக்கு ஒரு மயிரிழை அளவு கூடும். கை அந்த மயிரிழைக்குப் பழகிவிடும். அடுத்த மாதம் இன்னொரு மயிரிழை. தினமும் ஓட்டுபவருக்குத்தான் கடைசியாகத் தெரியும்.

விசாரித்தபோது இன்னொன்றும் வெளிவந்தது. போன வருடம் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு பட்டறையில் அப்பா காட்டியிருக்கிறார். அவர்கள் வண்டிக்கு அடியில் கால் மணி நேரம் இருந்து, ஸ்டீரிங் பெட்டியின் மேலுள்ள சரிசெய்யும் திருகை இறுக்கிவிட்டு, 'சரியாயிடுச்சு' என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்ததாம். பிறகு ஆட்டம் திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு புதிய தொல்லை: வளைவு முடிந்த பிறகு ஸ்டீரிங் தானாக நேராக வருவதில்லை, கையால் கொண்டுவர வேண்டியிருந்தது.

அன்று மதியமே மெங்லெம்புவில் இருக்கும் ஒரு சீன மெக்கானிக் அங்கிளிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவருக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மகன் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். பீட்டல் வந்தால் மட்டும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து வருவார். அப்பாவை 'சிக்கு' என்றுதான் அழைப்பார்.

எந்தக் கருவியையும் கையில் எடுக்கவில்லை. என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, ஸ்டீரிங்கைக் கடிகாரப் பெண்டுலம் போல மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். சக்கரங்கள் தரையிலேயே இருந்தன. ஜாக்கில் தூக்கினால் டயருக்கு எதிர்ப்பு இருக்காது, ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாது என்றார். முன் சக்கரத்தின் பக்கமாகத் தலையை நுழைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னை இறக்கிவிட்டு, தான் ஏறி உட்கார்ந்து, 'நீயே பார்' என்றார்.

இதை வாசகர்களும் தெரிந்துகொள்வது நல்லது. நாம் கையில் பிடிக்கும் ஸ்டீரிங்கிலிருந்து சக்கரம் வரை ஒரு சங்கிலி இருக்கிறது. முதலில் ஸ்டீரிங் தண்டு. அது கீழே இறங்கி ஒரு கப்ளிங்கில் சேரும். கப்ளிங்கின் மறுபக்கம் ஸ்டீரிங் பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு கை. அந்தக் கையிலிருந்து இரண்டு இழுப்புக் கம்பிகள் சக்கரங்களுக்குப் போகும். ஸ்டீரிங்கை ஆட்டும்போது இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி வரை அசைவு வருகிறது, எந்தக் கண்ணி காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். காத்திருக்கும் கண்ணிக்கும் அதற்கு முன்னால் உள்ளதற்கும் நடுவில்தான் பழுது.

நான் பார்த்தேன். தண்டு திரும்பியது. கப்ளிங்கின் மேல் பாதி அதோடு திரும்பியது. கீழ்ப் பாதி அசையவில்லை. நடுவில் இருந்த ரப்பர் வட்டு மட்டும் துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டது. முறுக்கு ஓர் எல்லையைத் தொட்ட பிறகுதான் கீழ்ப் பாதி திரும்பியது. சாலையில் நான் உணர்ந்த அந்த ஒரு கணம், 'ஒன்றும் நடக்காத' கணம், இதுதான்.

"பெட்டி நல்லா இருக்கு. இதுதான் மத்தி" என்றார் அங்கிள், மலாயும் தமிழும் கலந்து. மலாயில் 'மாத்தி' என்றால் செத்துப்போனது.

அந்த வட்டு ஒரு பெரிய மசால் வடை அளவுதான் இருக்கும். ரப்பருக்குள் துணி அடுக்குகளை வைத்துச் செய்தது. அதில் நான்கு துளைகள். எதிரெதிரே உள்ள இரண்டு துளைகளில் தண்டின் பக்கத்துப் போல்ட்டுகள், மற்ற இரண்டில் பெட்டியின் பக்கத்துப் போல்ட்டுகள். அதாவது தண்டும் பெட்டியும் ஒன்றையொன்று நேராகத் தொடுவதே இல்லை. நடுவில் இருக்கும் ரப்பர் வழியாகத்தான் நம் கையின் திருப்பம் சக்கரத்துக்குப் போகிறது.

இவ்வளவு முக்கியமான இடத்தில் ஏன் இரும்பை வைக்காமல் ரப்பரை வைத்தார்கள் என்று கேட்டேன். அங்கிள் மூன்று காரணம் சொன்னார். சாலையின் அதிர்ச்சி முழுவதும் கைக்கு வராமல் ரப்பர் வாங்கிக்கொள்ளும். தண்டும் பெட்டியும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலும், சிறிய கோணத்தை ரப்பர் பொறுத்துக்கொள்ளும். மூன்றாவது, ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. அந்த மூன்றாவது காரணத்தை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அதற்கு மாலையில் தண்டனை கிடைத்தது.

வேலை இரண்டரை மணி நேரம் எடுத்தது. வீட்டிலேயே செய்து பார்க்க நினைக்கும் இளைஞர்களுக்காக அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆனால் ஒன்று. ஸ்டீரிங், பிரேக் இரண்டிலும் 'முயன்று பார்ப்போம்' என்ற பேச்சுக்கு இடமில்லை. தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

பீட்டலில் எஞ்சின் பின்னால் இருப்பதால், முன் மூடியைத் திறந்தால் பெட்ரோல் தொட்டிதான் இருக்கும். கப்ளிங் அதற்குக் கீழே ஒளிந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிப் பக்கவாட்டிலிருந்தும் கை விடலாம். ஆனால் கண்ணால் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்றால் தொட்டியைத் தூக்குவதுதான் நல்லது என்றார் அங்கிள். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். மீதமிருந்த பெட்ரோலை வடித்து, மூடியுள்ள கலனில் ஊற்றி வெளியே கொண்டுபோய் வைத்தார். புகைத்துக்கொண்டிருந்த மகனைத் தெருவுக்கு விரட்டினார். அதன் பிறகுதான் தொட்டியின் நான்கு போல்ட்டுகளில் கை வைத்தார்.

அடுத்து, சக்கரங்களையும் ஸ்டீரிங்கையும் நேராக வைத்து, தண்டிலும் கப்ளிங்கின் இரு பாதிகளிலும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார். கழற்றியதை மீண்டும் பூட்டும்போது இந்தக் கோடுகள் ஒன்றுசேர வேண்டும். இல்லாவிட்டால் கார் நேராகப் போகும்போது ஸ்டீரிங் கோணலாக நிற்கும். பிறகு நான்கு நட்டுகளையும் கழற்றினார். ஐம்பது ஆண்டுத் துரு. ஊடுருவும் எண்ணெயை அடித்து அரை மணி நேரம் தேநீர் குடித்துக் காத்திருந்தோம். அவசரப்பட்டு அடித்தால் போல்ட் உடையும், அதன் பிறகு நாள் முழுவதும் போகும் என்றார்.

புதிய வட்டு வாங்குவதில் சிரமம் இல்லை. பீட்டல் 2003 வரை மெக்சிகோவில் உற்பத்தியானது. உலகம் முழுவதும் 21 மில்லியனுக்கும் மேல் விற்ற கார் என்பதால் உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். அங்கிளின் அலமாரியில் மூன்று இருந்தன. ஒன்று, பல வருடங்களுக்கு முன் செய்த அசல் வட்டு, உறைகூடப் பிரிக்கவில்லை. இன்னொன்று, கெட்டியான யூரித்தேன் பிளாஸ்டிக்கில் செய்தது. மூன்றாவது, துணி அடுக்குடன் புதிதாகச் செய்த ரப்பர் வட்டு.

நான் அசலைத்தான் கேட்டேன். அங்கிள் தலையாட்டினார். ரப்பர் உறைக்குள் இருந்தாலும் வயதாகும், அசல் என்ற பெயர் மட்டும் ஸ்டீரிங்கைப் பிடிக்காது என்றார். யூரித்தேன் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் சாலையின் அதிர்வு கைக்கு அதிகம் வரும். 'சிக்குவுக்கு மூட்டு வலி இருக்கு' என்று சொல்லி மூன்றாவதை எடுத்தார். வட்டை மடக்கிப் பார்த்தார். விளிம்பில் துணி அடுக்கு தெரிகிறதா என்று காட்டினார். மலிவான சிலவற்றில் துணியே இருக்காதாம். அவை சில மாதங்களில் கிழியும்.

பழைய வட்டு அப்பாவின் கைக்கு வந்தது. அவர் அதைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள். பள்ளிக்கூடம் போவதற்கு முன் பாட்டியோடு காட்டுக்குப் போய் ஒட்டுப்பால் பொறுக்கிய பிள்ளை அவர். 1877இல் கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளிலிருந்து இந்த நாட்டின் ரப்பர் கதை தொடங்கியது என்று வகுப்பில் அவர் பாடம் நடத்தியிருக்கிறார். ஆனால் தன் காருக்குள் ரப்பர் இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

வட்டை மெல்ல வளைத்தார். மேலே வழவழப்பாகத் தெரிந்த பரப்பு முழுவதும் சின்னச் சின்ன வாய்களாகத் திறந்தது. இரண்டு போல்ட் துளைகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் இழுபட்டிருந்தன. ஒரு துளையிலிருந்து விளிம்பு வரை துணி அடுக்கும் அறுந்து, ஒரே ஓர் இழையில் தொங்கியது.

"வெயில்லயும் காத்துலயும் ரப்பர் இப்படித்தான் வெடிக்கும். எண்ணெய் பட்டா ஊறிப்போகும்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவ இதுலயா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை.

சில வகைக் கார்களில், ரப்பர் அறுந்தாலும் ஸ்டீரிங் முழுவதும் கைவிடாதபடி கப்ளிங்கில் பாதுகாப்பு ஊசிகள் இருக்கும். அவை பட்டறை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான், அதை நம்பி ஓட்டுவதற்கு அல்ல. அந்த ஓர் இழை அறும் நாள் எது என்று யாருக்குத் தெரியும்? சந்தைச் சாலையாக இருக்கலாம். கல்லுமலை கோயில் வாசலாகவும் இருக்கலாம்.

புதிய வட்டைப் பூட்டும்போது அங்கிள் மூன்று விஷயங்களில் கண்ணாக இருந்தார். பழைய நட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, தானாகப் பூட்டிக்கொள்ளும் புதிய நட்டுகளைப் போட்டார். அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க அதுதான் காப்பு. வட்டு தட்டையாக உட்கார்ந்திருக்கிறதா, முன்னும் பின்னும் இழுபட்டு வளைந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். இழுபட்ட நிலையில் பூட்டிய வட்டு சீக்கிரம் கிழியும். கடைசியாக, ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை முழுவதும் திருப்பி, போல்ட் தலை எங்கேயும் இடிக்கவில்லை என்று உறுதி செய்தார். அதற்குப் பிறகு, போன வருடம் அந்தப் பட்டறை இறுக்கிய பெட்டித் திருகைச் சரியான அளவுக்குத் தளர்த்தினார். பெட்டியில் இல்லாத ஆட்டத்தைப் பெட்டியை இறுக்கி மறைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு வருடம் அப்படியே ஓடியிருந்தால் நல்ல பெட்டியும் தேய்ந்து போயிருக்கும்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். கப்ளிங்கின் ஓரத்தில் தொங்கிய ஒரு சின்ன ஒயரை அதன் போல்ட்டில் மாட்ட வேண்டும். 'சரி அங்கிள்' என்றேன். அப்போது தங்கை தொலைபேசியில் அழைத்தாள், 'சாவிய வாங்கிட்டீங்களா?' என்று. பேசிவிட்டுத் திரும்பி வந்ததும் ஒயரை மறந்துவிட்டேன்.

தொட்டியைப் பூட்டி, பெட்ரோல் ஊற்றி, பேட்டரியை இணைத்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகு அப்பா வண்டியில் ஏறினார். பட்டறையை விட்டு வெளியே வரும்போது வழக்கம்போல ஹாரனை அழுத்தினார். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார். ஒன்றும் இல்லை.

அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரப்பர்ல கரண்ட் போகாதுன்னு சொன்னேனா இல்லையா?"

ஹாரன் பட்டனிலிருந்து ஸ்டீரிங் தண்டுக்குள் இறங்கிவரும் அந்த ஒயர், ரப்பரைத் தாண்டி மறுபக்கத்து இரும்பைத் தொட்டால்தான் சுற்று முழுமையாகும். அதைத்தான் நான் விட்டிருக்கிறேன். கப்ளிங் மாற்றிய பிறகு ஹாரன் அடிக்கவில்லை என்றால் ஹாரனைக் குறை சொல்லாதீர்கள், முதலில் இந்த ஒயரைப் பாருங்கள். தொட்டியை மறுபடி தூக்க வேண்டியதில்லை என்று அங்கிள் சக்கரத்தின் பக்கமாகக் கைவிட்டு மாட்டிவிட்டார். ஆனால் அன்று முழுவதும் அப்பாவும் அவரும் என்னைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். செலவு, வட்டும் நட்டும் கூலியும் சேர்த்து 260 வெள்ளி. அதில் வட்டின் விலை 70 வெள்ளிகூட இல்லை.

திரும்பும்போது அப்பாதான் ஓட்டினார். நான் பக்கத்தில். முதல் வளைவில் அவர் பழைய பழக்கத்தில் முன்கூட்டியே திருப்ப, கார் உடனே திரும்பிச் சாலையோரம் போய்விட்டது. 'ஆத்தாடி' என்றார். இரண்டு மூன்று வளைவுக்குப் பிறகு கை புரிந்துகொண்டது. நேரான சாலை வந்தது. அப்பாவின் கை ஸ்டீரிங்கில் அசையாமல் இருந்தது. கார் கோட்டுக்குள் நேராகப் போனது. அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. காலையில் எதற்காகக் கிள்ளானிலிருந்து வந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நாற்பது வருடம் பிள்ளைகளின் முகத்தைப் படித்தவர்.

கப்ளிங் சரியானதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அப்பாவுக்கு 79 வயது என்பது மாறவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் விஷயத்தை உடைத்துப் பேசினேன். தங்கையையும் அழைத்து உட்கார வைத்தேன். அப்பா பழைய வட்டை மேசை மேல் வைத்துவிட்டு, "காடிய நீங்க சோதிச்சிட்டீங்க. இனி என்னையும் சோதிச்சிடலாம்" என்றார். அடுத்த வாரம் தங்கை அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். ஒரு கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது. இரவில் எதிரே வரும் விளக்குகள் பூத்துத் தெரிவதை அவரே ஒப்புக்கொண்டார். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்று அவராகவே முடிவு செய்தார். பகலில் சந்தை, கோயில், நண்பர் வீடு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண்ணும் கப்ளிங்கும் பார்க்கப்படும். சாவி அவரிடமே இருக்கிறது.

தங்கைக்கு முழுத் திருப்தி இல்லை. அவளுடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவளும் ஒன்றை ஒப்புக்கொண்டாள். அன்று நாங்கள் சாவியை மட்டும் வாங்கியிருந்தால், அந்தக் கார் வாசலில் நின்றிருக்கும். தீபாவளிக்கு வரும் என் மகன், 'தாத்தா காடி' என்று ஆசையாக எடுத்து ஓட்டியிருப்பான். அந்த ஓர் இழை அவன் கையில் அறுந்திருக்கும்.

உங்கள் வீட்டிலும் பழைய கார் ஒன்று இருக்கலாம். பீட்டலாக இருக்க வேண்டியதில்லை. புதிய கார்களில் பெரும்பாலும் ரப்பருக்குப் பதில் இரும்பு மூட்டு இருக்கும், அதுவும் தேயும். வண்டியை நிறுத்தி, ஸ்டீரிங்கை ஒற்றை விரலால் ஆட்டிப் பாருங்கள். சக்கரம் அசைவதற்கு முன் எவ்வளவு தூரம் போகிறது? திருப்பும்போது 'டக்' என்று சத்தம் வருகிறதா? நேரான சாலையில் கை ஓயாமல் வேலை செய்கிறதா? டயர் காற்று குறைந்தாலும், இழுப்புக் கம்பியின் முனை தேய்ந்தாலும் இதே அறிகுறிகள் வரும். அதனால் யாராவது பார்த்த மாத்திரத்தில் எதையாவது இறுக்கிவிட்டு அனுப்பினால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஒருவர் ஆட்ட, ஒருவர் பார்க்க, பழுது எந்தக் கண்ணியில் இருக்கிறது என்று உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டுப் பெரியவர் ஓட்டுவது சரியில்லை என்று தோன்றினால், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து முடிவு செய்துவிடாதீர்கள். ஒரு முறை அவருடைய இருக்கையில் உட்கார்ந்து அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். பழுது அவரிடம் இருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

அந்தப் பழைய வட்டை அங்கிள் குப்பையில் போடச் சொன்னார். அப்பா போடவில்லை. வாசல் பக்கத்தில் சாவி மாட்டும் ஆணியில், சாவிக்குப் பக்கத்திலேயே, அதையும் மாட்டி வைத்திருக்கிறார்.